ஹார்மோன் சிகிச்சையில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத பக்கவிளைவுகள்: எது எந்த மருந்தால், என்ன செய்வது

தேன்சிட்டு

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டால் வியர்க்கும், அசதி வரும், ஆசை குறையும் என்பதை மருத்துவரே சொல்லிவிடுகிறார். இந்த இழை அதற்கு அடுத்த அடுக்குக்கானது. காலையில் விரல் மடங்க மறுப்பது, காரணமே இல்லாமல் கண் கலங்குவது, ஊசி போட்ட இடத்தில் வாரக்கணக்கில் தங்கும் கட்டி, மூன்றாம் மாதம் உடம்பெங்கும் தடிப்பு, கால் தசை பிடித்துக்கொள்வது. இதையெல்லாம் வீட்டில் ஒருவர் "வயசாச்சு" என்று ஒதுக்குவார், இன்னொருவர் "நோய் பரவிவிட்டது" என்று கலங்குவார். இரண்டுக்கும் நடுவில் உண்மையான காரணம் கேட்பாரற்றுப் போகிறது.

கேள்வி கேட்பவர்கள் மூன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: மருந்தின் பெயர் (வணிகப் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்து), அளவு, தொடங்கி எத்தனை வாரம். இவை இல்லாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. மருந்தை நிறுத்துவதும் அளவைக் குறைப்பதும் சிகிச்சை தரும் மருத்துவரின் முடிவு. இங்கே படித்துவிட்டு யாரும் தாமாகச் செய்ய வேண்டாம்.

கல்மரம்

முதலில் இதைத் தெளிவாக்கிவிடுவோம். "ஹார்மோன் சிகிச்சை" என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு வேலைகள் நடக்கின்றன.

லூப்ரோலைடு, கோசரலின், டிரிப்டோரலின் ஊசிகள் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை முதலில் தூண்டிவிட்டு, பிறகு மரத்துப்போக வைப்பவை. அதனால் முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவதற்குப் பதில் ஏறும். மூன்று நான்கு வாரத்தில்தான் 50 நானோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இறங்கும். டெகரெலிக்ஸ் ஊசியும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் அதே இடத்தை நேரடியாக அடைப்பவை. அவற்றில் இந்த ஏற்றம் இல்லை, சில நாட்களிலேயே இறங்கிவிடும்.

பைகாலுட்டமைடு, என்சாலுட்டமைடு, அபலுட்டமைடு, டாரோலுட்டமைடு ஆகியவை ஹார்மோனைக் குறைப்பதில்லை. அது போய் ஒட்டும் ஏற்பியை மறிக்கின்றன. அபிராட்டிரோன் வேறு வகை: சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியிலும் கட்டிக்குள்ளேயும் ஆண் ஹார்மோன் தயாராவதையே தடுக்கிறது. அதனால்தான் அதனோடு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்துத் தரப்படுகிறது.

பலருக்கு ஊசி ஒன்று, மாத்திரை ஒன்று என இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டும் வேறு வேறு தேதியில் தொடங்கியிருந்தால் அந்தத் தேதிகள்தான் துப்பு. ஊசி தொடங்கி ஆறு மாதம் அமைதியாக இருந்து, மாத்திரை தொடங்கிப் பத்தாம் வாரம் தடிப்பு வந்தால் ஊசியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டீரோனிலிருந்துதான் உருவாகிறது. டெஸ்டோஸ்டீரோன் போனால் அதுவும் போகும். எலும்பு தேய்வது, மூட்டு இறுகுவது, உடல் சூடு தடுமாறுவது ஆகியவற்றில் பெரும்பகுதி அந்த இழப்பால் வருவதுதான்.

பனையோலை

வயிற்றில் ஊசி போட்ட இடத்தில் கோலிக்குண்டு அளவுக் கட்டி மூன்று வாரமாக இருந்தால் சீழ் என்று எடுத்துக்கொள்ளலாமா? மருந்து லூப்ரோலைடு, மூன்று மாத ஊசி.

வெண்தாழை

பனையோலை, லூப்ரோலைடில் இரண்டு விதத் தயாரிப்பு உண்டு. தோலுக்கடியில் போடுவது உள்ளே போனதும் கெட்டியாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மருந்தை விடும். அதில் சிறு கட்டி தட்டுப்படுவது இயல்பு. தசையில் போடும் வகையில் சிலருக்குக் கிருமி இல்லாமலேயே ஒரு அழற்சிக் கட்டி வரும், அபூர்வமாகச் சீழ்போலத் திரளும். சூடு, சிவப்பு பரவுதல், காய்ச்சல், நாளுக்கு நாள் வலி கூடுதல் ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்தால் காட்ட வேண்டும். எதுவும் இல்லாமல் வெறும் கட்டி என்றால் தடவாமல், அழுத்தாமல், ஒத்தடம் கொடுக்காமல் விடுங்கள். சூட்டு ஒத்தடமும் தேய்ப்பும் மருந்து வெளிவரும் வேகத்தைக் குலைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் கட்டி வருகிறது, கூடவே பிஎஸ்ஏ (புரோஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் இரத்த அளவு) எதிர்பார்த்தபடி இறங்கவில்லை என்றால் டெஸ்டோஸ்டீரோன் அளவை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கட்டிக்குள்ளேயே முடங்கிச் சரியாக உறிஞ்சப்படாமல் போன நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கலக்கிப் போடும் ஊசிகளில் கலவை சரியாக அமையாததும் அதே சிக்கலைத் தரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை அறை வெப்பத்துக்கு வர விட்டு, குறிப்பில் உள்ளபடி முழுதும் கலக்கி, கலந்தவுடனே போட வேண்டும்.

டெகரெலிக்ஸ் கதை வேறு. முதல் தவணை 240 மி.கி., அதாவது இரண்டு இடத்தில் 120 மி.கி. வீதம். அதன்பின் 28 நாளுக்கு ஒருமுறை 80 மி.கி. முதல் தவணைக்குப் பிறகு வயிறு சிவந்து, வீங்கி, கல்போல இறுகி, காய்ச்சலும் குளிரும் வருவது மிகச் சாதாரணம். பெரும்பாலும் சில நாளில் தணியும், அடுத்த தவணைகளில் வெகுவாகக் குறையும். பாரசிட்டமால் போதும். இடுப்புக் கச்சை அழுத்தும் இடம், விலா எலும்பை ஒட்டிய இடம் இரண்டையும் தவிர்த்து, தவணைக்குத் தவணை இடத்தை மாற்றச் சொல்லுங்கள். இந்த மருந்தைக் குலுக்கக் கூடாது, மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும்.

கோசரலின் என்பது திரவமே அல்ல, அரிசிமணிபோல ஒரு சிறு குச்சி. தடித்த ஊசியால் தொப்புளுக்குக் கீழே செலுத்துவார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ஊசிக்கு முன்னால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வயிற்றுச் சுவரில் ஓடும் தமனி அபூர்வமாகக் காயப்படும். ஊசிக்குப் பின் சில மணி நேரத்தில் வயிறு வீங்கி வலித்து, தலைசுற்றல் வந்தால் அது ஊசி வலி அல்ல, உள்ளே இரத்தக்கசிவாக இருக்கலாம்.

மழைக்குருவி

ஹாட் ஃப்ளஷ் (திடீரென்று உடம்பு சூடாகி வியர்ப்பது) பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று முதல் பதிவில் இருக்கிறது. ஆனால் வியர்த்து முடிந்ததும் நடுங்கும் குளிர், நெஞ்சு படபடப்பு, ஏதோ ஆபத்து வரப்போவது போன்ற பயம் ஆகியவையும் அதோடு சேர்ந்தவைதானா? தூக்கமே போகும் அளவுக்கு இருந்தால் மருந்து உண்டா?

கல்மரம்

சேர்ந்தவைதான். நம் உடம்பு ஒரு குறிப்பிட்ட வெப்ப இடைவெளிக்குள் வியர்க்காமலும் நடுங்காமலும் இருக்கும். ஹார்மோன் போனதும் மூளையில் ஹைப்போதலாமஸ் அந்த இடைவெளியைச் சுருக்கிவிடுகிறது. அரை டிகிரி கூடினாலே இரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டும். கொட்டியதால் உடம்பு குளிர்ந்து, இப்போது நடுக்கம் தொடங்கும். சிலருக்கு வியர்வைக்கு அரை நிமிடம் முன்னாலேயே படபடப்பும் பதற்றமும் வந்துவிடும்.

மருந்துக்கு முன்னால் ஒரு வாரக் குறிப்பு எழுதுங்கள்: நேரம், எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன நடந்தது. சூடான பானம், மது, காரம், கனமான போர்வை, காற்றோட்டம் இல்லாத அறை ஆகியவை அடிக்கடி மாட்டும். பிரெட்னிசோனை மாலையில் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக் காலைக்கு மாற்றினாலே தூக்கம் ஓரளவு திரும்பும்.

மருந்துகளில் வெனலாஃபாக்சின் 75 மி.கி., மெட்ராக்சிப்ரோஜெஸ்டிரோன் 20 மி.கி., சைப்ரோட்டிரோன் 100 மி.கி. மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. முதலாவது பாதியளவுக்கு அருகில்தான் குறைத்தது. மற்ற இரண்டும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைத்தன. பலன் அதிகம் என்பதற்காக உடனே அவற்றுக்குத் தாவ வேண்டாம். சைப்ரோட்டிரோன் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மெட்ராக்சிப்ரோஜெஸ்டிரோன் நீர்க்கோவையும் எடையும் தரும், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தவர்களுக்கு ஆகாது. அதைத் தொடங்கினால் பத்து வாரத்தில் பலனைப் பார்த்துத் தொடர்வதா என்று முடிவு செய்வது வழக்கம்.

வெனலாஃபாக்சினை 37.5 மி.கி.யில் தொடங்கி ஏற்றுவார்கள், இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இதைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் தொட்டது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

வெண்தாழை

காபாபென்டினும் உண்டு. 300 மி.கி.யில் தொடங்கி 900 வரை போவார்கள். இரவுத் தொல்லைக்கு நன்றாக உதவும், ஆனால் தள்ளாட்டம் தரும். ஏற்கெனவே என்சாலுட்டமைடு எடுப்பவர்கள் விழும் வாய்ப்பு கூடியவர்கள், அவர்களுக்கு யோசித்துத்தான் தர வேண்டும்.

குறைந்த அளவு ஆக்சிபுட்டினின் இப்போது பேசப்படுகிறது. வியர்வையைக் குறைப்பது உண்மை. ஆனால் புரோஸ்டேட் இன்னும் உள்ளே இருந்து சிறுநீர் தடைப்படும் நிலையில் இருப்பவருக்கு முழு அடைப்பே வரலாம். வயதானவருக்கு மறதியும் குழப்பமும் கூடும். சிறுநீர் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லாமல் இந்த மருந்தை வாங்காதீர்கள்.

இரவு வியர்வையோடு காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அதை ஹார்மோன் கணக்கில் எழுதாதீர்கள். தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நெடுங்கரை

காலையில் விரல் மடங்காதது பற்றி. இது ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் இறுக்கம், மார்பகப் புற்றுநோய் மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு வருவதைப் போன்றது. விரல், மணிக்கட்டு, முழங்கால், தோள் என்று இரண்டு பக்கமும் வரும். எழுந்தவுடன் மோசமாக இருந்து, அசைக்க அசைக்க இளகும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, நீருக்குள்ளேயே முஷ்டி மூடித் திறப்பது பத்து முறை, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது ஐந்து சுற்று. வலிக்கும் என்று அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகும்.

மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்கி, சூடாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் நீடித்தால் வேறு வாதம் இருக்கலாம். இரத்தத்தில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். பிரெட்னிசோன் அளவைக் குறைத்த அதே வாரத்தில் உடம்பெல்லாம் வலி தொடங்கினால் குறைத்த வேகம்தான் காரணமாக இருக்கும்.

மூட்டு வலி வேறு, எலும்பு வலி வேறு. ஒரே இடத்தில், ஓய்விலும் விடாமல், இரவில் எழுப்பிவிடும் வலி, அதிலும் முதுகில் என்றால் ஸ்கேன் பார்க்காமல் விடக் கூடாது.

பனையோலை

எலும்புக்குக் கால்சியம் 1000 மி.கி. மாத்திரை தினமும் என்று எங்கும் எழுதியிருக்கிறதே?

நெடுங்கரை

1000 முதல் 1200 மி.கி. என்பது உணவையும் சேர்த்த மொத்தக் கணக்கு. உணவிலேயே 700 கிடைப்பவர் அதற்கு மேல் 1000 மாத்திரை விழுங்கினால் மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும்தான் கூடும். குறையும் அளவை மட்டும் நிரப்புங்கள். வைட்டமின் டி 800 முதல் 1000 யூனிட், இரத்த அளவு மிகக் குறைவாக இருந்தால் மருத்துவர் அதிகம் தருவார். சிகிச்சை தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியை அளக்கும் ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்துவையுங்கள். தொடக்க அளவு இல்லாவிட்டால் எவ்வளவு தேய்ந்தது என்று பின்னால் சொல்லவே முடியாது.

எலும்புத் தேய்வுக்கு டெனோசுமாப் 60 மி.கி. ஆறு மாதத்துக்கு ஒன்று போட்டால் தேதியைத் தவறவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் எலும்பு வேகமாகத் தேய்ந்து, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குவது நடந்திருக்கிறது. நிறுத்த வேண்டுமானால் அதன் இடத்தில் சோலெட்ரோனிக் அமிலம் போன்ற வேறு மருந்து வைத்துத்தான் நிறுத்துவார்கள்.

இந்த இரண்டு மருந்தில் எதைத் தொடங்கும் முன்பும் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கி, காயம் ஆறிய பிறகு தொடங்க வேண்டும். தொடங்கியபின் பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும். எலும்புக்குப் பரவிய நோய்க்கு மாதாமாதம் அதிக அளவில் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

குறிஞ்சி

அபிராட்டிரோன் பற்றித் தனியாக எழுத வேண்டும். இதன் பக்கவிளைவுகளில் பாதி சாப்பிடும் முறையால் வருபவை.

1000 மி.கி. வெறும் வயிற்றில் என்றால் வெறும் வயிறுதான்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாக. கொழுப்பு நிறைந்த உணவோடு எடுத்தால் இரத்தத்தில் ஏறும் மொத்த அளவு பத்து மடங்கு வரை கூடும். சில மருத்துவர்கள் 250 மி.கி.யை உணவோடு தருவதும் இதே தன்மையைப் பயன்படுத்தித்தான். அது அவர்கள் கணக்கிட்டுச் சொல்லும் முறை. இரண்டையும் குழப்பி 1000 மி.கி.யை உணவோடு எடுப்பது ஆபத்து.

இந்த மருந்து ஆண் ஹார்மோன் பாதையை மறித்ததும் கார்டிசோலும் குறைகிறது. அதைப் பார்த்துப் பிட்யூட்டரி இன்னும் பலமாக அட்ரினலை அடிக்கிறது. வழி அடைபட்ட சுரப்பி, உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்களை அளவுக்கு மேல் தயாரிக்கிறது. விளைவு மூன்று: இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் இறங்கும். தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்வது, மாடி ஏற முடியாத பலவீனம், இதயம் தாளம் தப்புவது ஆகியவை பொட்டாசியம் குறைவின் முகங்கள். இயல்பு அளவு 3.5 முதல் 5 வரை. 3.5க்குக் கீழே போனால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை, மாதம் ஒருமுறையாவது இரத்த அழுத்தமும் பொட்டாசியமும். வீட்டில் கருவி இருந்தால் அழுத்தத்தை வாரம் இரண்டு முறை எழுதிவையுங்கள்.

பிரெட்னிசோன் 5 மி.கி. (சிலருக்கு ஒரு வேளை, சிலருக்கு இரண்டு வேளை) இந்தச் சங்கிலியை அடக்கத்தான் இருக்கிறது. "ஸ்டீராய்டு கெடுதல்" என்று அதை மட்டும் விட்டுவிடுபவர்கள்தான் அழுத்தம் 180க்கு ஏறி வந்து நிற்கிறார்கள். திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், அழுத்தம் சரிவு என்று அட்ரினல் நெருக்கடியும் வரும். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்ற நாட்களில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதிவையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. கால் வீக்கத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ஸ்பைரோனோலாக்டோன் தருவது பொது மருத்துவத்தில் வழக்கம். அபிராட்டிரோன் எடுப்பவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள், ஏனென்றால் அது ஆண் ஹார்மோன் ஏற்பியில் ஒட்டி அதைத் தூண்டவும் கூடும். எப்லெரினோன் மாற்று. அடுத்தது அதிமதுரம். இருமலுக்கு என்று எந்த வடிவில் எடுத்தாலும் அது பொட்டாசியத்தை இறக்கி அழுத்தத்தை ஏற்றும், அபிராட்டிரோன் செய்வதையே இதுவும் செய்கிறது.

மழைக்குருவி

அபலுட்டமைடு 240 மி.கி., பதினோராவது வாரம், நெஞ்சிலும் முதுகிலும் அரிப்போடு தடிப்பு. உணவு ஒவ்வாமை என்று நினைத்து ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது சரியா?

கல்மரம்

வேண்டாம். அபலுட்டமைடில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தடிப்பு வருகிறது, அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து. காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அரிப்புக்கான மாத்திரையும் ஸ்டீராய்டு களிம்பும் பலருக்குப் போதும். போதாவிட்டால் மருத்துவர் சில நாள் நிறுத்தி 180 அல்லது 120 மி.கி.யில் மீண்டும் தொடங்குவார். வாய், கண், பிறப்புறுப்பில் புண், தோல் கொப்பளித்து உரிதல், காய்ச்சல், முகம் வீங்குதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனை.

இதே மருந்தில் தைராய்டு மந்தமாவதும் உண்டு. அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல் எல்லாம் "ஹார்மோன் ஊசி அசதி" என்றே கடந்துபோகும். டிஎஸ்எச் தைராய்டுக்கான ஒரு எளிய இரத்தப் பரிசோதனை, தொடங்கும்போதும் பிறகு சில மாதத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். ஏற்கெனவே தைராக்சின் எடுப்பவர்களுக்கு அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.

குறிஞ்சி

என்சாலுட்டமைடு, அபலுட்டமைடு இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சேர்க்கிறேன், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். இவை கல்லீரல் நொதிகளைத் தூண்டி மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். அபிக்சபான், ரிவராக்சபான், வார்ஃபரின், அம்லோடிபின், சிம்வாஸ்டாட்டின், சில வலி மாத்திரைகள் ஆகியவை வழக்கமான அளவில் எடுத்தும் வேலை செய்யாமல் போகலாம். அழுத்தம் ஏறுகிறது என்றால் மருந்து நேரடியாக ஏற்றுவது ஒரு பக்கம், அழுத்த மாத்திரை கரைந்துபோவது மறுபக்கம். என்சாலுட்டமைடு உடம்பில் வெகுநாள் தங்கும், நிறுத்திய பிறகும் சில வாரம் இந்தத் தாக்கம் இருக்கும்.

இரண்டும் மூளைக்குள் போகும். வலிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. முன்பு வலிப்பு, பக்கவாதம், தலையில் பெரிய அடி இருந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விழுதலும் எலும்பு முறிவும் இதைவிட அதிகம். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு, கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது, வழுக்கும் விரிப்பை அகற்றுவது. தாங்க முடியாத அசதியும் மந்தமும் என்றால் மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா, என்சாலுட்டமைடு என்றால் 160 மி.கி.யை 120 ஆக்கலாமா என்று கேளுங்கள். மூளைக்குள் குறைவாகப் போகும் டாரோலுட்டமைடு பொருந்துமா என்றும் கேட்கலாம். அது உணவோடு, நாளுக்கு இரு வேளை எடுப்பது.

வெண்தாழை

கண் கலங்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. இதைக் கேட்க ஆண்கள் கூச்சப்படுகிறார்கள், எனவே வெளிப்படையாகவே சொல்கிறேன். செய்தி கேட்டாலே, பேரக்குழந்தை சிரித்தாலே கண்ணீர் வருவது இந்த மருந்துகளின் அறியப்பட்ட விளைவு. அது மனம் உடைந்ததன் அடையாளம் ஆக வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்கள் "ஏன் அழறீங்க" என்று துருவாமல் ஒரு நிமிடம் விட்டால் அதுவே அடங்கும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, விடியற்காலையில் விழித்து மறுபடி தூங்க முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அது மனச்சோர்வு. அதற்குச் சிகிச்சை தனியாக உண்டு, காத்திருக்கக் கூடாது. மனச்சோர்வு மாத்திரை எழுதுபவரிடம் ஹார்மோன் ஊசி போடுவதைச் சொல்லுங்கள். ஊசியே இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளியை (இசிஜியில் தெரியும் ஒரு கால அளவு, மிக நீண்டால் இதயம் தாளம் தப்பலாம்) நீட்டக்கூடியது. சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் சேர்ந்தால் இன்னும் நீளும். வாந்திக்கான ஆன்டன்செட்ரான், அசித்ரோமைசின் ஆகியவையும் அதே வகை. ஒரு இசிஜி எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மறதிக்கு மருந்து தேடும் முன் தூக்கம், பி12, டிஎஸ்எச், ஹீமோகுளோபின் நான்கையும் பாருங்கள். ஹீமோகுளோபின் முதல் ஆறு மாதத்தில் ஒரு கிராம் அளவுக்கு இறங்குவது வழக்கம், டெஸ்டோஸ்டீரோன் இரத்த உற்பத்தியைத் தூண்டுவது நின்றுபோவதால். இரும்புச் சத்து குறைந்திருந்தால் தவிர இரும்பு மாத்திரையால் இது ஏறாது. அதற்கும் மேல் சரிந்தாலோ வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்து குறைந்தாலோ வேறு காரணம் தேட வேண்டும்.

நெடுங்கரை

கண் உலர்ந்து உறுத்துவது, தோல் வறண்டு அரிப்பது, உடல் வாடையே மாறிப்போவது மூன்றும் ஒரே வேர். எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண் ஹார்மோனால் இயங்குபவை, இமை ஓரத்தில் கண்ணீரை ஆவியாகாமல் காக்கும் சுரப்பிகள் உட்பட. வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவுங்கள். கெடாமல் காக்கும் வேதிப்பொருள் (preservative) சேர்க்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நாளுக்கு நான்கு முறை. குளித்துத் துவட்டிய மூன்று நிமிடத்துக்குள் ஈரப்பதக் களிம்பு.

மார்பு வீக்கம் பைகாலுட்டமைடு 150 மி.கி. தனியாக எடுப்பவர்களுக்குத்தான் அதிகம். இதில் காலம் முக்கியம். சிகிச்சை தொடங்கும் முன் மார்புக்கு ஒருமுறை குறைந்த அளவுக் கதிர்வீச்சு தருவது அல்லது டாமாக்சிபென் சேர்ப்பது தடுக்கும். ஒரு வருடம் வளரவிட்டால் நார்த்திசுவாகிவிடும், பிறகு மருந்துக்கு மசியாது, அறுவை சிகிச்சைதான். காம்பு உரசி வலிப்பதுதான் முதல் அறிகுறி, அந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி என்றால் கட்டாயம் பரிசோதனை.

விரை சிறுத்தல், ஆண்குறி சுருங்குதல், உடம்பு முடி உதிர்தல் எல்லாருக்கும் ஏதோ ஓர் அளவில் நடக்கும். ஆபத்தில்லை. இரவு விறைப்பு நின்றுபோவதால் திசு இறுகுவதைத் தடுக்க வெற்றிடக் கருவி உதவலாம், சிறுநீரியல் மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

தேன்சிட்டு

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவற்றை ஒரே பதிவில் யாராவது எழுத முடியுமா? தேடிப் படிக்க நேரமில்லாத நேரத்தில் உதவும்.

கல்மரம்

முதல் ஊசி போட்ட ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு வாரங்களுக்குள் இதுவரை இல்லாத கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல். பிட்யூட்டரியில் தெரியாமல் இருந்த ஒரு கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். மிக அபூர்வம், ஆனால் ஒற்றைத் தலைவலி என்று தூங்கிவிட்டால் பார்வையோ உயிரோ போகலாம். மருத்துவமனையில் "இன்ன தேதி லூப்ரோலைடு போட்டது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

முதுகு வலி கூடிக்கொண்டே போய், இருமினாலும் படுத்தாலும் மோசமாகி, கால் கனத்து, நடை தடுமாறி, சிறுநீர் வராமல், தொடையிடுக்கு மரத்துப்போவது. முதுகுத்தண்டு அழுத்தப்படுகிறது. முழு முதுகுத்தண்டுக்கும் எம்ஆர்ஐ அன்றே எடுக்க வேண்டும், நடை போவதற்கு முன் சிகிச்சை தொடங்கினால்தான் நடை திரும்பும். தூண்டி அடக்கும் வகை ஊசியின் முதல் இரண்டு வாரத்தில் இதற்கு வாய்ப்பு கூடுதல். எலும்புக்குப் பரவியவர்களுக்கு ஊசிக்கு முன்போ அதே நாளிலோ பைகாலுட்டமைடு 50 மி.கி. தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரம் தருவது இந்த ஏற்றத்தை மறிக்கத்தான். அந்த மாத்திரையை "சின்ன மாத்திரைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சு இரைப்பு, நெஞ்சு வலி. பைகாலுட்டமைடு எடுக்கும்போது வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வாரக்கணக்கில் கூடினால் நுரையீரல் அழற்சியும் ஒரு காரணமாக இருக்கலாம். கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகி, மேல் வயிறு வலித்தால் கல்லீரல். வலிப்பு. குழப்பத்தோடு பார்வை மங்கி அழுத்தம் மிக ஏறியிருத்தல். மேலே சொன்ன கொப்பளிக்கும் தடிப்பு.

பனையோலை

நிலுட்டமைடு எடுத்தால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனதும் வெகுநேரம் கண் தெரியாது என்பது சரியா?

கல்மரம்

சரி. இருட்டுக்குக் கண் பழகும் நேரம் நீண்டுவிடும். இரவு வண்டி ஓட்டுவதையும் பகலில் சுரங்கப்பாதைக்குள் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும், நிறக் கண்ணாடி ஓரளவு உதவும். அளவைக் குறைத்தாலும் நிறுத்தினாலும் சரியாகும். மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து தலைசுற்றும். இந்த மருந்து இப்போது அரிதாகத்தான் எழுதப்படுகிறது.

மழைக்குருவி

ஊசியை நிறுத்திய பிறகு இவையெல்லாம் எவ்வளவு நாளில் போகும்?

குறிஞ்சி

கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணாதீர்கள். மூன்று மாத ஊசி என்றால் அது தீரும் நாளிலிருந்து எண்ணுங்கள். அதன் பிறகும் டெஸ்டோஸ்டீரோன் திரும்ப ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். வயது கூடியவர்களுக்கும் பல வருடம் எடுத்தவர்களுக்கும் முழுதாகத் திரும்பாமலே போவதும் உண்டு. ரெலுகோலிக்ஸ் மாத்திரையில் வேகம் அதிகம். லூப்ரோலைடோடு ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், நிறுத்தி 90 நாளில் இயல்பு அளவுக்குத் திரும்பியவர்கள் ரெலுகோலிக்ஸில் 54 விழுக்காடு, லூப்ரோலைடில் 3 விழுக்காடு.

ஹாட் ஃப்ளஷ், அழுகை, மூட்டு இறுக்கம் டெஸ்டோஸ்டீரோன் ஏற ஏறக் குறையும். ஹீமோகுளோபின் மெல்ல ஏறும். வளர்ந்து இறுகிய மார்பு தானாகப் போகாது. இழந்த தசை திரும்ப எடைப்பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள் வேண்டும். சிகிச்சை நடக்கும்போதே தொடங்குவதுதான் நல்லது, தசையையும் அசதியையும் ஒருசேரக் கவனிக்கும் வேறு எந்த மாத்திரையும் இல்லை. எலும்பில் நோய் இருப்பவர்கள் எந்த எலும்பில் என்று கேட்டு, அந்த இடத்தில் பாரம் விழாத பயிற்சியை மட்டும் செய்ய வேண்டும்.

தேன்சிட்டு

ரெலுகோலிக்ஸ் சீக்கிரம் விலகுகிறது என்றால், மாத்திரை மறந்தால் ஹார்மோன் ஏறிவிடாதா?

குறிஞ்சி

ஏறும், அதுதான் அதன் மறுபக்கம். 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும், இரண்டாகப் போடக் கூடாது. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தால் மருத்துவரைக் கேட்டு முதல் நாள்போல 360 மி.கி.யில் தொடங்கி, மறுநாளிலிருந்து 120 மி.கி.